ஒமொஷிமாருவின் பலவீனம்

"என் பையன் என்ன நாய்க்குட்டியா? கூப்பிட்ட உடனே வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றதுக்கு? சொல்லு தொகிவா, வாயைத் திறந்து சொல்லு!"

"மன்னிச்சிடுங்க ஹத்சுயோ-சான். வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டு..."

"உன் டீ யாருக்கு வேணும்! இத்தனை வருஷம் குடிச்சாச்சு. அதுல நீ என்னத்தைக் கலந்து வச்சிருந்தேன்னு இப்பத்தான் தெரியுது!"

எங்கள் யனகிமாச்சி கடைத்தெருவில் யாரும் இப்படிச் சத்தம் போடுவதில்லை. ஒருவர் மேல் கோபம் வந்தால், மறுநாள் காலை வணக்கம் சொல்லும்போது தலையைக் கொஞ்சம் குறைவாகத் தாழ்த்துவோம். எதிராளிக்குப் புரிந்துவிடும். ஆகவே ஊறுகாய்க்கடை ஹத்சுயோ, அடுத்த கடையான தொகிவாவின் தேயிலைக்கடை வாசலில் நின்று பட்டப்பகலில் கத்தியபோது தெருவிலுள்ள கதவெல்லாம் திறந்தன. எதிர்ச்சாரியில் சலவைக்கடை வைத்திருப்பவள் நான். யாரோ ஒரு வங்கிக்காரரின் கோட்டு கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

கத்தியதுகூடப் பெரிதில்லை. ஹத்சுயோ தொகிவாவை "நீ" என்று சொன்னாள். இருவரும் மருமகள்களாக இந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் ஒருவரையொருவர் "நீங்க" என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். இரண்டு பேரும் புருஷனைப் பறிகொடுத்து, தனியாகக் கடை நடத்தி, தலை நரைத்த பிறகும் அந்த "நீங்க" நரைக்கவில்லை. அன்றைக்கு அது விழுந்து உடைந்த சத்தம் என் கடைவரை கேட்டது.

ஹத்சுயோவின் கையில் இருந்தது ஒரு கார்டு. உள்ளங்கை அளவுதான். அதில் ஒரு பூதம்: உருண்டையான ஆற்றுக்கல்லுக்குக் குட்டையாக இரண்டு கால் முளைத்து, நெற்றியில் முண்டாசு கட்டிக்கொண்டு, ஊறுகாய்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெயர் ஒமொஷிமாரு. ஊறுகாய்ப் பீப்பாயின் மூடிமேல் பாரத்துக்கு வைக்கிற கல்தான் பூதமாகியிருந்தது. கீழே எழுதியிருந்தது இது:

பலம்: ஏறி உட்கார்ந்துவிட்டால் எவராலும் அசைக்க முடியாது.

பலவீனம்: அம்மா கூப்பிட்டால் தானாகவே எழுந்து போய்விடும்.

ஹத்சுயோவின் மகன் கியோதகாவுக்கு நாற்பத்தொரு வயது. நல்ல தோள், நல்ல குணம், பேச்சு மட்டும் கிடையாது. பீப்பாய்க் கல்லை ஒரு கையால் தூக்கி வைப்பான். அம்மா கடைக்குள்ளிருந்து "கியோதகா" என்றால், தெருமுனையில் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தாலும் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவான். மீதி வாக்கியத்தை நாங்களே முடித்துக்கொள்வோம். இது தெருவுக்கே தெரிந்த சங்கதி. தெரிந்த சங்கதியை அச்சடித்துப் பார்த்ததுதான் புதிது.

அச்சடிக்கும்படி ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பைபாஸ் ரோட்டில் பெரிய அங்காடி வந்த பிறகு எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கடைக்காரர் சங்கத்தின் தலைவர் இவாசே, நோட்டு, பேனா, விளையாட்டுச் சாமான் விற்கிறவர். கூட்டத்தில் வேறு யாரும் கையைத் தூக்காததால் தலைவரானவர். அவருடைய மகள் சயோ டோக்கியோவில் ஓவியம் படித்துவிட்டு, வேலை அமையாமல் திரும்பி வந்திருந்தாள். அவள் சொன்ன யோசனை: கடைக்கு ஒரு பூதம். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு கார்டு. ஐந்நூறு யென்னுக்குச் சாமான் வாங்கினால் ஒட்டிய உறைக்குள் ஒரு கார்டு இலவசம். உள்ளே எந்தப் பூதம் என்று பிரித்தால்தான் தெரியும். பிள்ளைகள் எல்லாப் பூதத்தையும் சேர்க்க ஆசைப்படுவார்கள், அம்மாக்கள் எங்களிடமே வாங்குவார்கள். சனிக்கிழமைகளில் இவாசே கடை மாடியில் கார்டுகளை மோதவிட்டு ஆடலாம்.

படம் எல்லாம் சயோ அழகாக வரைந்துவிட்டாள். பலமும் பலவீனமும் அவரவர் கடைக்கு அவரவரே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அங்கேதான் கோளாறு. டோஃபுக்கடைக்காரர் எழுதினார்: "பலம்: சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பலவீனம்: எல்லாமே." பொதுக் குளியல்வீட்டுக்காரர் எழுதினார்: "பலம்: எங்களைப் போன்றவர்களுக்கு ஏது? வந்து குளித்தால் மகிழ்ச்சி." மீன்கடை, கடிகாரக்கடை, நான், எல்லாரும் அப்படியே. சொந்தக் கடையைத் தானே புகழ்ந்து எழுத எங்கள் ஆட்களுக்குக் கை வராது.

சயோ அதையெல்லாம் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, இப்படி இருந்தா ஆட்டமே நடக்காது. ரெண்டு பூதமும் ஒண்ணை ஒண்ணு கும்பிட்டுக்கிட்டே நிக்கும்."

ஆகவே இவாசே ஒரு விதி போட்டார். ஒவ்வொரு கடைக்கும் அதன் இடப்பக்கத்துக் கடைக்காரர் எழுத வேண்டும். பலம் ஒன்று, பலவீனம் ஒன்று, கண்டிப்பாக இரண்டும். யார் எழுதினார்கள் என்று கார்டில் போட மாட்டோம் என்றார். போடாவிட்டால் என்ன, யாருடைய இடப்பக்கம் யார் என்று பார்ப்பதற்குக் கண் இல்லையா?

பக்கத்துக்கடைக்காரரிடம் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. என் பூதம் கறைதின்னி. "பலம்: எந்தக் கறையையும் ஒரே வாயில் விழுங்கும். பலவீனம்: பையைக் கண்டால் கையை விட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது." எழுதியவர் கடிகாரக்கடைக் கிழவர். சலவைக்கு வருகிற துணியின் பைகளைச் சோதிப்பது தொழில் ஒழுங்கு. சில்லறை கிடந்தால் இயந்திரம் கெட்டுவிடும். காகிதம் கிடந்தால், அது முக்கியமான காகிதமா என்று படித்துப் பார்த்தால்தானே தெரியும்? இதைக் கிழவரிடம் விளக்கினேன். அவர் காது கேட்காத மாதிரி இருந்தார். நான் அதோடு விட்டுவிட்டேன்.

ஹத்சுயோவால் விட முடியவில்லை. காரணம் இருந்தது.

கியோதகாவுக்கு இதற்கு முன் இரண்டு முறை பெண் பேசி, இரண்டு முறையும் தட்டிப்போயிருந்தது. முதல் பெண், "காப்பியா டீயான்னு கேட்டதுக்கு அவங்கம்மா முகத்தைப் பாக்குறாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டாவது சந்திப்புக்கு அவன் போய்ச் சேரவே இல்லை. கிளம்புகிற நேரத்தில் பீப்பாய் கசிகிறது என்று ஹத்சுயோ கூப்பிட, கோட்டைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டான். மூன்றாவதாக, கொமோரோவில் இருக்கிற ஹத்சுயோவின் நாத்தனார் ஒரு இடம் பார்த்திருந்தாள். பெண் பெயர் யோரிகோ, முப்பத்தேழு வயது, நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலை. மாதக் கடைசியில் ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் சந்திப்பு. இதுவும் போனால் இனி யாரும் இடம் சொல்ல மாட்டார்கள், நாலு தலைமுறைக் கடை தன்னோடு முடிந்துவிடும் என்று ஹத்சுயோ என்னிடமே சொல்லி மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் ஒமொஷிமாரு உறைகளுக்குள்ளிருந்து வெளியே வந்து உட்கார்ந்தது.

இதில் ஆட்டத்தின் விதி வேறு. எதிராளியின் பூதத்தை விரட்ட அதன் பலவீனத்தை வாயால் சொல்ல வேண்டும். ஆகவே சனிக்கிழமை தவறாமல் இவாசே கடை மாடியிலிருந்து பிள்ளைகள் கத்துவது தெருவெங்கும் கேட்டது: "அம்மா கூப்பிடுறாங்க! போ போ போ!" அதோடு நிற்கவில்லை. கியோதகா சைக்கிளில் சரக்குக் கொண்டுபோகும்போதும் வாண்டுகள் பின்னாலிருந்து கத்தின. அவன் ஒரு முறை உண்மையாகவே பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தான். நானே பார்த்தேன்.

தொகிவா ஒவ்வொரு நாளும் வாசலுக்கு வந்து ஹத்சுயோவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். ஹத்சுயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். தெரு இரண்டாகப் பிரிந்தது. ஹத்சுயோவுக்குச் சாதகமானவர்கள் டீத்தூளை அங்காடியில் வாங்க ஆரம்பித்தார்கள். தொகிவாவின் கடைத் தட்டுகளில் தூசி படிந்தது.

எனக்கு மனசு கேட்காமல் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். "தொகிவா-சான், நீங்க அப்படி எழுதுற ஆளில்லையே. என்னதான் நடந்துச்சு?"

"இது இந்த வருஷத்து முதல் பறிப்பு. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. கார்டு விஷயம் கேட்டேன்."

"ரெண்டாவது தடவை ஊத்தினாத்தான் இதோட ருசி தெரியும்," என்று அவள் மறுபடி ஊற்றினாள். வயிறு நிறையக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை கிடைக்காமல் திரும்பினேன். இந்தத் தெருவில் என்னிடம் வாய் திறக்காமல் தப்பித்தவள் அவள் ஒருத்திதான்.

ஹத்சுயோ இவாசேயிடம் போய்க் கார்டுகளைத் திரும்ப வாங்கச் சொன்னாள். அவர் கழுத்தைச் சொறிந்தார். "ஊர்ப் பிள்ளைங்க கைக்குப் போயிடுச்சே ஹத்சுயோ-சான். எப்படிக் கேக்கறது?"

"நீங்க கேக்க வேணாம். நான் கேட்டுக்கிறேன்."

கேட்டாள். கடையில் பொட்டலம் கட்டிய நொசாவனாக் கீரை ஊறுகாயைக் கூடையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தெருமுனையில் நின்றாள். ஒரு ஒமொஷிமாருவுக்கு ஒரு பொட்டலம். முதல் வாரம் பிள்ளைகள் வரிசையில் வந்து கொடுத்தார்கள். அம்மாக்களுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் வாரம் அம்மாக்களுக்கே அலுத்துவிட்டது.

"அந்தக் கல்லுக் கார்டு வச்சிருக்கியா கண்ணு? இந்தா, நல்லா ஊறின நொசாவனா."

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜே ஊறுகாயா இருக்கு பாட்டி. அப்பா அழுவுறாரு."

"அப்ப என்ன வேணும், சொல்லு."

"குளியல்வீட்டுத் தவளை. பளபளன்னு மின்னுமே, அது."

தவளைக்கு அவள் எங்கே போவாள்? மீன்கடைப் பேரனிடம் இரண்டு தவளை இருந்தது. அவனுக்குக் கடிகாரக்கடை ஆந்தை வேண்டும். ஆந்தை வேண்டுமென்றால் டோஃபுக்கடை வெள்ளை நாகத்தைக் கொடுக்க வேண்டும். இப்படியாக, கார்டென்றாலே குப்பை என்று சொன்ன ஹத்சுயோ, மாதம் முடிவதற்குள் எந்தப் பூதத்துக்கு எந்தப் பூதம் ஈடு என்று மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். என் கறைதின்னிக்கு மதிப்பே இல்லையாம். மூன்று கொடுத்தால்தான் ஒரு ஆந்தையாம். அதையும் என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

அவள் வாங்க வாங்க ஒமொஷிமாரு அபூர்வமாகிக்கொண்டே போனது. எந்த உறையைப் பிரித்தாலும் வந்துகொண்டிருந்த சாதாரணக் கல், இப்போது கிடைக்காத கல்லாகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ரயிலேறி வந்தார்கள். நகானோவிலிருந்து கல்லூரிப் பையன்கள் நாலு பேர் வந்து எல்லாக் கடையிலும் தேவையில்லாததையெல்லாம் வாங்கினார்கள். ஒருவன் என்னிடம் தன் சட்டையையே கழற்றிக் கொடுத்துத் துவைக்கச் சொன்னான், ஒரு உறைக்காக. போகிறபோது ஊறுகாய்க்கடை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "இதுதான் அம்மா கூப்பிடுற கடையா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். முன்பு இந்தத் தெருவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஹத்சுயோ மறைக்கப் புறப்பட்ட பிறகு ஜில்லாவுக்கே தெரிந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சொந்தமாகவே கிரேயானால் ஒமொஷிமாரு வரைந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹத்சுயோ கண்ணாடியை மறந்துவிட்டு வந்த நாளில் அதையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றில் கல்லுக்கு ஆறு கால் இருந்தது. வாங்கியதையெல்லாம் பின்கட்டில் ஒரு காலிப் பீப்பாயில் போட்டு, மூடி, மேலே கல்லைத் தூக்கி வைக்கச் சொன்னாள். வைத்தது கியோதகா.

அவன் வெள்ளை அங்கிகளைச் சலவைக்குக் கொண்டுவந்தபோது நான் கேட்டேன். "கியோதகா-குன், உனக்குக் கோபமே வரலையா?"

"எதுக்குங்க?"

"ஊரே சிரிக்குதே. அந்தக் கார்டுல எழுதினதுக்குத்தான்."

அவன் யோசித்தான். "பலம் நல்லாத்தானே எழுதியிருக்கு?" என்றான். பாவம், மண்டை கொஞ்சம் மந்தம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சந்திப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஹத்சுயோ தன் சாம்பல்நிற கிமோனோவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நாத்தனார் போன் பண்ணா. யோரிகோவோட அண்ணன் பையன் இந்தக் கார்டெல்லாம் சேக்குறானாம். எல்லாம் சேத்துட்டானாம், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கியாம்."

எந்த ஒன்று என்று நான் கேட்கவில்லை.

"உங்க கடையோட கார்டுதானே, வரும்போது ஒண்ணு கொண்டு வந்தா பையன் சந்தோஷப்படுவான்னு கேட்டாங்களாம். நான் என்ன செய்வேன்? பீப்பாய் நிறைய வச்சிருக்கேன். குடுத்தா படிச்சிடுவாங்க. இல்லேன்னா, சொந்தக் கடையோட கார்டே இல்லையான்னு சந்தேகம் வரும்."

"அவங்க ஏற்கெனவே படிச்சிருக்க மாட்டாங்களா ஹத்சுயோ-சான்?"

"அந்தப் பையன் கண்ணாலகூடப் பாத்ததில்லையாம். யாரும் கைய விட்டுக் குடுக்க மாட்டேங்கறாங்களாம்." இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு துளி பெருமை இருந்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

துணிகளுக்கு அடையாளம் ஒட்டுகிற வெள்ளைப் பட்டை என் மேஜைமேல் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கத்தரிக்கோலையும் கேட்டாள். என் கண்ணெதிரிலேயே கார்டின் அடிவரியை மறைத்து ஒட்டி, மேலே பொடி எழுத்தில் "பலவீனம்: இல்லை" என்று எழுதினாள். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

சந்திப்பன்று நானும் அந்த ஹோட்டலில்தான் இருந்தேன். வேறு வேலையாக. ஐஸ்கிரீமுக்குச் சலுகைச் சீட்டு ஒன்று யாருடைய கோட்டுப் பையிலோ கிடந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலாவதியாவதற்குள் சாப்பிட வேண்டியிருந்தது. மேஜை கிடைத்தது அவர்களுக்குப் பக்கத்தில். நடுவே ஒரு தொட்டிச் செடி.

ஒரு பக்கம் ஹத்சுயோ, கியோதகா. எதிரே யோரிகோவும் அந்த நாத்தனாரும். யோரிகோ குட்டையாக முடி வெட்டியிருந்தாள். நேராகப் பார்த்துப் பேசினாள். கேக் வந்தது. யாரும் தொடவில்லை. வழக்கமான பேச்சு நடந்தது, மழை, ஆப்பிள் விளைச்சல், ரயில் நேரம். கியோதகா மூன்று முறை "ஆமாங்க" சொன்னான். ஹத்சுயோ மீதியெல்லாம் சொன்னாள்.

பிறகு ஹத்சுயோ பட்டுத்துணியில் சுற்றிய கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "ஒண்ணுமில்லாத பொருள்தான். உங்க அண்ணன் பையனுக்கு."

யோரிகோ வாங்கிப் படித்தாள். "ஏறி உக்காந்தா எவராலும் அசைக்க முடியாது. பலவீனம், இல்லை." கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். தண்ணியில குறையே இல்லேன்னு முடிவு வந்தா, பாட்டிலைக் கழுவிட்டு இன்னொரு தடவை சோதிப்போம்." சொல்லிக்கொண்டே நகத்தால் பட்டையின் ஓரத்தை நெம்பிவிட்டாள். என் கடைப் பட்டை துணியில்தான் நன்றாக ஒட்டும்.

அடிவரியைப் படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"இதை யார் எழுதினது?"

"பக்கத்துக் கடைக்காரி," என்றாள் ஹத்சுயோ அவசரமாக. "பொறாமை பிடிச்சவ. வேலைவெட்டி இல்லாம..."

"நான்தான் எழுதினேன்," என்றான் கியோதகா.

என் கரண்டி பாதிவழியில் நின்றது.

"என்ன உளர்ற?" என்றாள் ஹத்சுயோ.

"உளறலம்மா. தொகிவாம்மா என்னைக் கூப்பிட்டு, உங்க வீட்டைப் பத்திக் குறையா எழுத எனக்குக் கை வரலன்னாங்க. நானே எழுதறேன்னு வாங்கிக்கிட்டேன். ரெண்டு வரியும் நான்தான் எழுதினேன்."

"எதுக்குடா? பெத்தவளை ஊர் சிரிக்க வைக்கவா?"

"ஊருக்காக எழுதல. நீ படிக்கணும்னு எழுதினேன். நேர்ல சொல்ல எத்தனையோ தடவை வந்தேன். சொல்ல ஆரம்பிக்கும்போது நீ கூப்பிட்டுடற." அவன் அதுவரை பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான். "கடையை விட்டுப் போகணும்னு சொல்லல. ஊறுகாய் போடறது எனக்குப் பிடிச்சிருக்கு. தனியா ஒரு வீடு எடுத்து இருக்கணும்மா. யார் வந்தாலும் வராட்டியும்."

ஹத்சுயோ எழுந்தாள். கிமோனோ மடிப்பைச் சரிசெய்தாள். குரல் உயரவில்லை. "கியோதகா. கிளம்பு, போகலாம்."

அவன் எழுந்துவிட்டான்.

அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பத்தொரு வருஷப் பழக்கம், கால் தானாக எழுந்துவிடுகிறது. நாத்தனார் "ஐயோ" என்று மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. யோரிகோ சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, தாங்க முடியாமல் வந்த சிரிப்பு. கியோதகா அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன். யோரிகோ தன் கேக்கைத் தின்ன ஆரம்பித்தாள்.

அவள் கேக் முடிகிற நேரத்தில் அவன் திரும்பி வந்தான். தனியாக.

"டாக்ஸி கிடைச்சுதா?" என்றாள் யோரிகோ.

"கிடைச்சுது. ஏத்தி, பெல்ட் போட்டுவிட்டேன்."

"அழுதாங்களா?"

"இல்ல. டாக்ஸிக்காரர்கிட்ட வழி சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவருக்குத் தெரியும்னு சொன்னாலும் கேக்கல."

"அப்ப உக்காருங்க. உங்க கேக் அப்படியே இருக்கு."

அதற்குப் பிறகு பேசியது எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற பெண் சரியாக அந்த நேரத்தில் வந்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று நடுவில் நின்றுகொண்டாள். ஐஸ்கிரீம் உருகிவிட்டது. நாத்தனார் மட்டும் என்னைச் செடிவழியாகப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஊறுகாய்க்கடை இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஹத்சுயோ நல்ல உடை உடுத்தி, ஸ்டேஷன் தெருவிலிருந்து வாங்கிய பயற்று இனிப்புப் பெட்டியோடு தொகிவாவின் வாசலில் போய் நின்றாள். என் கடைக் கண்ணாடிக்கு அன்றைக்குத்தான் துடைப்பு தேவைப்பட்டது. வெளியே நின்று துடைத்தேன்.

"தொகிவா-சான், நான் பேசினது தப்பு," என்று இடுப்புவரை குனிந்தாள் ஹத்சுயோ. "ஆனா நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல? அத்தனை நாளும் என்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு நின்னீங்களே."

"அம்மாகிட்ட நீயே சொல்லணும்னு அவன்கிட்ட வாக்கு வாங்கியிருந்தேன். இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நான் முந்திக்கிட்டா, அவனுக்குப் பதிலா பேசற ஆள் இன்னொண்ணு கூடிப்போகும்."

ஹத்சுயோ இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். "நீங்க எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"கார்டுல இடம் பத்தியிருக்காது ஹத்சுயோ-சான்," என்றாள் தொகிவா. "உள்ள வாங்க. தண்ணி கொதிச்சிருக்கு."

"நீங்க" திரும்பி வந்துவிட்டதை நான் குறித்துக்கொண்டேன்.

பீப்பாயில் இருந்த கார்டுகளை இவாசே கெஞ்சி வாங்கி, மறுபடி உறையில் போட்டு விட்டார். எல்லாவற்றிலும் உப்பும் கீரையும் கலந்த வாசனை ஏறியிருந்தது. மோந்து பார்த்து வாசனை வந்தால்தான் அசல் என்று பிள்ளைகள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஆறு கால் கல் ஒன்றும் அந்தக் கூட்டத்தில் அசலாகிவிட்டது. "அம்மா கூப்பிடுறாங்க" இன்னும் சனிக்கிழமை கேட்கிறது. ஹத்சுயோ அந்த நேரத்தில் வானொலியைக் கொஞ்சம் பெரிதாக வைக்கிறாள்.

கியோதகா அந்தக் கோடையிலேயே கொமோரோவில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துப் போனான். காலையில் முதல் ரயிலில் வந்து பீப்பாய் திறக்கிறான், சாயங்காலம் கடையடைத்துவிட்டுப் போகிறான். ஹத்சுயோ முதல் மாதம் தினமும் போன் செய்தாள். அவன் தினமும் எடுத்தான். எடுத்துப் பேசினானே தவிர, எழுந்து வரவில்லை. யோரிகோ உடனே சரியென்று சொல்லவில்லை. ஒரு வருஷம் போல இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கோ மலைச்சுனைகளுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார்கள். அதில் என்ன இன்பம் என்று எனக்குத் தெரியாது. மறுவருஷம் நவம்பரில் கல்யாணம். நொசாவனாக் கீரை கழுவுகிற மும்முர நாளில் யாராவது கல்யாணம் வைப்பார்களா என்று ஹத்சுயோ புலம்பிக்கொண்டே போனாள். அவளுடைய கறுப்பு விழாக்கிமோனோவை நான்தான் வெளுத்துக் கொடுத்தேன். பையில் ஒரு கைக்குட்டை மட்டும் இருந்தது.

தொகிவா அதற்கடுத்த வசந்தத்தில் கடையை மூடிவிட்டு நகோயாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஹத்சுயோ பிளாட்பாரம்வரை போய் வழியனுப்பினாள். அந்த இடத்தில் இப்போது ஒசாகாவிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். உரக்கப் பேசுகிறவர்கள், ஆனால் வணக்கம் சரியாகச் சொல்கிறார்கள். சயோவுக்கு டோக்கியோவில் விளையாட்டுக் கார்டு போடுகிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, அங்கேயே மத்சுமோத்தோ ஊர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மரச்சாமான் செய்கிறவனாம், அவளைவிட இரண்டு வயது சின்னவனாம். நான் இன்னும் பார்க்கவில்லை.